நெடுந்தூரம் மிதிக்க வலிக்காத சைக்கிள் சீட்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். கொஞ்சம் பழகினால் கால் ஒத்துழைத்துவிடும்; உட்காரும் இடம்தான் பென்னாகரம் வருவதற்குள் மக்கர் பண்ணும். உடனே எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "மெத்துன்னு ஒரு ஜெல் சீட் வாங்கிப் போடுப்பா." அதைக் கேட்காதீர்கள்.

கெட்டியான பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பின்புறத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். சைக்கிளில் உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இவைதான். சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் இந்த எலும்புகள் உள்ளே அமுங்கிவிடும். அமுங்கிய இடத்து பஞ்சு நடுவில் மேலெழும்பி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பகுதியை அழுத்தும். கடையில் ஐந்து நிமிடம் உட்காரச் சுகமாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் மிதித்தால் மரத்துப்போகும்.

படி 1: இருக்கிற சீட்டைச் சரிசெய்யுங்கள்

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பாதிப் பேருக்குப் புதுச் சீட்டே தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். ஓர் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) செட் போதும். பழைய கறுப்பு சைக்கிள் என்றால் ஸ்பேனர். தொடங்கும் முன் இப்போதுள்ள நிலையை ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்புறம் வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம்மூரில் சர்வசாதாரணம். அப்படி வைத்தால் கால் எடையை வாங்கிக்கொள்ளாது, மொத்தமும் சீட்டில் இறங்கும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். நிற்க வேண்டிய இடத்தில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றுகொள்ளலாமே. உயர்த்தும்போது ஒன்று கவனம்: சீட்டைத் தாங்கும் நெட்டுக் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கம்பி உடையலாம், பிரேமிலும் விரிசல் விழலாம்.

அடுத்தது சாய்வு. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கிச் சீட்டின்மேல் நீளவாக்கில் வையுங்கள். மட்டமாக இருப்பதுதான் தொடக்கம். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் மரத்துப்போகும். ரொம்பக் கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கையை ஊன்றி ஊன்றி மணிக்கட்டு வலிக்கும். ஒன்றிரண்டு டிகிரி கீழ்ச்சாய்வு சிலருக்கு நன்றாக இருக்கும்.

கடைசியாக முன்பின் நகர்த்தல். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால், கயிறு பெடலின் அச்சருகே விழ வேண்டும். இது முடிவான கணக்கு இல்லை, ஆரம்பப் புள்ளிதான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், அதுவும் நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

படி 2: எலும்பு அகலத்தை அளங்கள்

அட்டைப்பெட்டியிலிருந்து, நடுவில் நெளி உள்ள அட்டையாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான ஸ்டூலில் அதைப் போட்டு, மெல்லிய உடையில் உட்கார்ந்து, காலடியில் ஒரு செங்கல் வைத்து முழங்காலை உயர்த்தி, சைக்கிளில் சாய்வது போலக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். சரியாகத் தெரியவில்லை என்றால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 140 மி.மீ.க்குள் வரும். உடல் பருமனுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒல்லியானவருக்கு அகலமாகவும் வாட்டசாட்டமானவருக்குக் குறுகலாகவும் இருக்கலாம்.

இந்த அளவோடு, நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் 20 மி.மீ. கூட்டுங்கள். ஹைப்ரிட் சைக்கிளில் அரைக்குனிவு என்றால் 25 முதல் 30. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். 120 மி.மீ. வந்தவர் ஹைப்ரிட்டுக்கு 145 முதல் 150 மி.மீ. சீட் தேடலாம்.

படி 3: கடையில்

சீட்டின் பின்பக்கம் அதிக அகலமுள்ள இடத்தை அளங்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருந்து, கொஞ்சமாக உள்வாங்க வேண்டும். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் மரத்துப்போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவும். அடியில் உள்ள இரண்டு கம்பிகள் பொதுவாக 7 மி.மீ. தடிமன், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் உங்கள் கிளாம்புக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். சீட் ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அகலமான ஸ்பிரிங் சீட்டைக் கேலி செய்ய வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து சந்தைக்குப் போய்வர அதுதான் சரி. குனிந்து நெடுந்தூரம் மிதிக்கும்போதுதான் தொடையில் உரசும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கே.ஆர்.பி. அணை வரை போய்வருவது நல்ல முதல் சோதனை. அது சரிப்பட்டால் தூரத்தைக் கூட்டுங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் சோதனைக்குப் போகவே வேண்டாம். லாரிகளுக்கு நடுவே சீட்டைப் பற்றி யோசிக்க முடியாது. ஒகேனக்கல் பாதையில் கடைசி இறக்கம்தான் திரும்பும்போது ஏற்றம். மெதுவாக, எழாமல் மிதிக்கும் அந்த நேரத்தில் சீட்டின் குணம் நன்றாகத் தெரிந்துவிடும். எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள்.

புதிதில் எலும்பு முனைகளில் மட்டும் வலித்தால் பயப்பட வேண்டாம், சில வாரங்களில் பழகிவிடும். மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இறங்கி, சாய்வையும் உயரத்தையும் மறுபடி பாருங்கள். இறங்கிய பிறகும் உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

உடை விஷயம் சின்னதுதான், ஆனால் ஜீன்ஸின் தையல் ஒன்றே எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. போட்டால் அதன் தையல் உரசும். கோடையில் வியர்வை ஊறிப் புண்ணாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவையுங்கள்.

புதுச் சீட் போட்டு முதல் முறை ஓட்டி வந்ததும் கிளாம்ப் போல்ட்டை இன்னொரு முறை முறுக்குங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் அது கொஞ்சம் தளர்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த சாய்வு மாறியிருக்கும்.