குடிவெறியில் நடந்த குற்றம்: சட்டத்தரணியிடம் போகும்முன்

கொழும்பு, புதுக்கடையில் சட்டத்தரணியான என் அறைக்கு வரும் அம்மாமார் முதலில் சொல்வது ஒன்றுதான்: “பிள்ளை நல்ல வெறியில இருந்தவன், ஒண்டும் தெரியாது ஐயா.” அந்தக் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனால் இலங்கையின் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கேட்பது வேறு.

முதலில், யார் ஊற்றிக் கொடுத்தது? அவருக்குத் தெரியாமலோ, விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு முரண் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்திருந்தால்தான் 78ஆம் பிரிவு காப்பாற்றும். நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்பது பொதுவாகப் போதாது.

தானாகக் குடித்தவருக்கு 79ஆம் பிரிவு. வெறியில்லாதவருக்கு இருந்திருக்கக்கூடிய அறிவு அவருக்கும் இருந்ததாகவே சட்டம் கொள்ளும். கவனியுங்கள், அது சொல்வது அறிவைப் பற்றி. எண்ணத்தைப் பற்றி அல்ல. கொல்லும் எண்ணத்தையே உருவாக்க முடியாத அளவு வெறி என்றால், கொலைக் குற்றச்சாட்டு, அதைவிடக் குறைந்த குற்றமான ‘கொலையாகாத ஆட்கொலை’யாகக் குறைய இடமுண்டு. விடுதலை அல்ல, ஆனால் மரண தண்டனைத் தீர்ப்புக்கும் சிறைக்காலத்துக்கும் உள்ள தூரம் அது.

ஆகவே அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, நடக்க முடிந்ததா, பேச்சு குழறியதா, கத்தியை எங்கிருந்து எடுத்தார். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், எதிர்த்தரப்பு எப்படியும் கேட்கும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்றும் குறியுங்கள். வெறி என்ற இந்த விதிவிலக்கை நிரூபிக்கும் பாரம் நம் பக்கம்தான். சாட்சிகளுக்கு மட்டும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.