கடப்பாரையை எடுப்பதற்கு முன்: சும்மா கிடக்கும் பொது நிலத்தைப் பறவைகளுக்குக் கொடுப்பது எப்படி

பழைய குப்பைமேடு, கைவிட்ட நீர்த்தேக்கம், மூடிப்போன ரயில் யார்டு, எதுவாக இருந்தாலும் சரி, அதைப் பறவைகளுக்கு விடலாம் என்று தோன்றிய மறுநிமிடமே எல்லோருக்கும் கை பரபரக்கும். நாங்களும் அப்படித்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே முள்புதரை வெட்டிச் சாய்த்துவிட்டு, இழுத்துப் போடும்போதுதான் பார்த்தோம், உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு கூடு, அதில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள். தாய்ப்பறவை பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து மாலை வரை கத்திக்கொண்டே இருந்தது. அதனால் முதல் வேலை இதுதான்: ஒரு வருடம் எதையும் வெட்டாதீர்கள்.

ஒரு வருடம் என்றால் முழுசாக 12 மாதம். வருடம் முழுக்க இருக்கிற பறவை வேறு, வலசை வந்து சில மாதம் தங்குகிறது வேறு, போகிற வழியில் இரண்டு நாள் இறங்கி இரை தேடுகிறது வேறு. வாரம் ஒருமுறை, விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே பாதையில் நடந்து எண்ணுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இபேர்ட் செயலியில் இலவசமாகப் பதியலாம். அவர்களுடைய மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லும், ஆனால் அவ்வப்போது சொதப்பும், கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பின்னால் அதிகாரி மேஜையில் உங்களுக்காகப் பேசப்போவது இந்தப் பட்டியல்தான்.

'அங்கே என்ன பறவை இருக்கப்போகிறது, வெறும் இடிபாடு' என்பார்கள். டொரன்டோவில் துறைமுகம் விரிவாக்க 1950களின் கடைசியில் இருந்து ஏரிக்குள் கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள். கடைசியில் அந்த விரிவாக்கம் தேவைப்படவே இல்லை. சும்மா கிடந்த மேட்டில் காற்றில் வந்த விதைகள் முளைத்தன, பறவைகள் தாமாக வந்து சேர்ந்தன. இன்று அது டாமி தாம்சன் பூங்கா, இதுவரை 300க்கும் மேற்பட்ட இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள், நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே காகித வேலையைத் தொடங்குங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதில் ஏற்கெனவே ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள், சொன்னவர் மாற்றலாகிப் போனால் அந்த வார்த்தையும் கூடவே போய்விடும். 'சரணாலயம்' என்பது பல நாடுகளில் சட்டச்சொல், அரசு அறிவித்தால்தான் செல்லும். ஆரம்பத்தில் பராமரிப்பு ஒப்பந்தமோ நீண்டகாலக் குத்தகையோ போதும், என்னைக் கேட்டால் பத்து வருடத்துக்குக் குறைந்து கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பறவை மோதும் ஆபத்துக்காக 13 கி.மீ. தூரம் வரை கவனிப்பார்கள். தொழிற்சாலை இருந்த இடம் என்றால் மண்ணில் ஈயம், ஆர்சனிக், எண்ணெய்க் கழிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பழைய குப்பைமேட்டை நீங்களாகத் தோண்டவே கூடாது.

சரி, இப்போது தண்ணீர். ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை இதில் போடுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு, ஆழமாக, செங்குத்தான கரையோடு தோண்டிவிடுவது. உள்ளான் மாதிரியான கரைப்பறவைகளுக்கு 10 செ.மீ.க்கும் குறைவான தண்ணீரும் சேறும் போதும், மேலாக மேய்கிற வாத்துகளுக்கு 30 செ.மீ. வரை, முக்குளிப்பான்களுக்குத்தான் அதைவிட ஆழம். லண்டனில் 2000ல் திறந்த ஈரநில மையம்கூட நான்கு பழைய நீர்த்தேக்கங்களை ஆழம் குறைந்த குட்டைகளாக மாற்றியதுதான். கரை பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் போதும், இன்னும் சரிவு குறைந்தால் இன்னும் நல்லது. ஓரம் கோணல்மாணலாக இருக்கட்டும்.

தண்ணீர் வெளியேறும் இடத்தில் குழாயின் முனையில் திருப்பக்கூடிய ஒரு எல்போ, அதாவது வளைந்த குழாய்த் துண்டு, மாட்டுங்கள். நிமிர்த்தினால் குட்டை நிறையும், சாய்த்தால் வடியும். வலசைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு விரல்கடை சாய்த்துக்கொண்டே வந்தால் புதுசாகச் சேறு வெளிவந்துகொண்டே இருக்கும், அதில் புழு, அந்தப் புழுவுக்காகப் பறவை. கொசுவுக்குப் பயந்து வெளியூர் மீனை வாங்கி விடாதீர்கள், அது தவளை முட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மரம் நடுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, ஒவ்வொரு வெட்டவெளியும் காடாக வேண்டியதில்லை. ஆள்காட்டிப் பறவை வெறும் தரையில் சரளைக்கல் நடுவில்தான் முட்டையிடும், அங்கே மரம் நட்டால் அதைத் துரத்திவிடுகிறீர்கள். நட்டால் அந்த மண்ணின் மரங்களையே நடுங்கள், ஏனென்றால் பூச்சி உண்டாக வேண்டும், பழம் தின்கிற பறவைகூடப் பெரும்பாலும் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். பட்ட மரம் பாதையில் விழாது என்றால் நிற்கட்டும், மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் அதுதான் வீடு. செங்குத்தாக அறுந்த மண்மேட்டையும் சமன் செய்யாதீர்கள், மீன்கொத்தி அதில்தான் வளை தோண்டும்.

அப்புறம் மனிதர்கள். பாதையை ஒரு ஓரமாக மட்டும் விடுங்கள், பாதி நிலத்துக்குள் யாருமே போகக்கூடாது, நீங்களும்தான். கட்டாத நாயும் சுற்றித் திரியும் பூனையும் தரையில் கூடு கட்டும் பறவைகளை ஒரே பருவத்தில் காலி செய்துவிடும். குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்கும் போட்டோக்காரர்களிடம் கறாராகப் பேசுங்கள், கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

அப்படியே விட்டுவிட்டால் சில வருடத்தில் நாணல் குட்டையை மூடும், புல்வெளி புதராகும். அதனால் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள், அடுத்த வருடம் அடுத்த பங்கு. கூடு கட்டும் காலம் முடிந்த பிறகுதான், அதுவும் புதரைக் கையால் விலக்கி உள்ளே பார்த்துவிட்டு.