வீட்டில் செய்யும் கார்னிட்டாஸ் எங்கே கெடுகிறது?

மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரிக்குப் பக்கத்தில் கிரோகா என்று ஓர் ஊர் இருக்கிறது. கார்னிட்டாஸ் என்ற பன்றிக்கறி உணவைச் சாப்பிடுவதற்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. பெரிய செப்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பை உருக்கி, அதில் கறியைப் பெரிய துண்டுகளாகப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக வேக விடுவார்கள். கடைசியில் தீயைக் கூட்டி, அதே கொழுப்பிலேயே சிவக்க எடுப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே விரலால் அழுத்தினாலே பிரியும் மென்மை. சேர்மானம் என்று பார்த்தால் கறி, கொழுப்பு, உப்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கடைக்குக் கடை மாறும்.

இவ்வளவு எளிய சமையல் வீட்டில் ஏன் கெடுகிறது? வேக வைப்பது, வறுப்பது என்று இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சூடு வேறு. முதல் வேலை முடியுமுன் இரண்டாவதைத் தொடங்குவதுதான் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு. மிச்சமுள்ள தவறுகள் பெரும்பாலும் கறிக்கடையிலேயே ஆரம்பித்துவிடுகின்றன.

கடையில் கேட்க வேண்டியது

கொழுப்பில்லாத நல்ல சதையாகப் போடுங்கள் என்று கேட்டு வாங்கினால், அன்றைக்குக் கார்னிட்டாஸ் கிடையாது. முதுகுச் சதை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் சவ்வும் கொழுப்பும் குறைவு. இரண்டு மணி நேரம் வெந்தால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். வேண்டியது தோள்பட்டைக் கறி. நிறைய உழைத்த தசை அது. இடையிடையே கொழுப்பு ஓடியிருக்கும், இணைப்புத் திசுவும் அதிகம். அந்தத் திசுவில் உள்ள கொலாஜன்தான் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறி, கறிக்கு அந்தப் பிசுபிசுப்பான மென்மையைக் கொடுக்கிறது. தோள்பட்டையோடு கொஞ்சம் விலா எலும்பும் ஒரு துண்டு தோலும் சேர்த்தால் இன்னும் நல்லது. மிச்சோவாகான் கடைகளில் சதை, தோல், விலா, இரைப்பை என்று தனித்தனியாகவும் கேட்கலாம், எல்லாம் கலந்தும் கேட்கலாம். விவரம் தெரிந்தவர்கள் கலந்துதான் வாங்குவார்கள்.

அடுத்தது துண்டின் அளவு. நம் கறிக்கடையில் எதுவும் சொல்லாமல் நின்றால் குழம்புக்கு வெட்டுவது போலச் சின்னச் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். அந்த அளவில் உள்ளே மென்மையாகுமுன் வெளியே காய்ந்துவிடும். கொழுப்பில் வேக வைப்பதாக இருந்தால் உள்ளங்கை அளவுத் துண்டுகள் வேண்டும். தண்ணீர் சேர்த்துச் செய்வதாக இருந்தால் 5, 6 சென்டிமீட்டர் போதும். வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உப்பைக் கொழுப்பில் கொட்டுவது

உப்பு கொழுப்பில் கரையாது. பலர் யோசிக்காமல் விடுகிற விஷயம் இது. உருகிய கொழுப்பில் எவ்வளவு உப்பைப் போட்டாலும் அது அடியில் மணல் போலக் கிடக்கும், கறிக்குள் போகாது. மிச்சோவாகானில் பல சமையல்காரர்கள் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். சடசடவென்று வெடித்துப் பொங்கும். அவர்களுக்கு அது பழகிய வேலை, கொப்பரையும் ஆழமானது. வீட்டு அடுப்பில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

முந்தின இரவே கறியில் உப்பைத் தடவி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவதுதான் பத்திரமான வழி. ஒரு கிலோ கறிக்கு 15 கிராம் உப்பு, அதாவது சுமார் இரண்டரை முதல் மூன்று டீஸ்பூன் தூள் உப்பு. காலையில் எடுத்து, மேலே கசிந்திருக்கும் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு சூடான கொழுப்பில் போட்டால் கையிலும் முகத்திலும் தெறிக்கும்.

அவசரச் சூடு

இங்கேதான் ஆட்டம் கெடுகிறது. கொழுப்பு என்றதும் பொரிப்பதுதான் ஞாபகம் வருகிறது. எண்ணெய் புகைய வேண்டும், கறி விழுந்ததும் 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும் என்ற பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. அப்படிப் போட்டால் இருபது நிமிடத்தில் கறி அருமையாகச் சிவந்துவிடும். கடித்தால் ரப்பர். பழுப்பு நிறத்துக்கும் மென்மைக்கும் சம்பந்தமே இல்லை. நிறம் சில நிமிடங்களில் வந்துவிடும். கொலாஜன் கரைய மணிக்கணக்காகும்.

கறியின் உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் கொலாஜன் ஒழுங்காகக் கரையத் தொடங்கும். 90, 95 வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்குச் சுற்றியிருக்கும் கொழுப்பு 110, 120 டிகிரியில் இருந்தால் போதும். வெப்பமானி இல்லையா? குமிழியைப் பாருங்கள். துண்டுகளைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் சோம்பலாக மேலே வந்துகொண்டிருந்தால் சரி. பொங்கிக் கொதித்தால் தீ அதிகம். குமிழியே இல்லாமல் அமைதியாக இருந்தால் குறைவு. இந்த அளவில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். கத்தி முனை தடையில்லாமல் உள்ளே இறங்கினால் முதல் வேலை முடிந்தது. அதுவரை நிறத்தைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

தோல் சேர்த்திருந்தால் அதைப் பாத்திரத்தின் அடியில் போடாதீர்கள். ஒட்டிக்கொண்டு கருகும், கருகல் வாசனை மொத்தக் கொழுப்பிலும் ஏறிவிடும். கறித் துண்டுகளுக்கு மேலே மூடி போலப் பரப்பிவிட்டால் தானாகவே வெந்துகொள்ளும்.

பாத்திரமும் கொழுப்பும்

அந்தச் செப்புக் கொப்பரைகளில் பல, சாந்தா க்ளாரா தெல் கோப்ரே என்ற ஊரிலிருந்து வருகின்றன. மிச்சோவாகானின் பூரெபெச்சா மக்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே செம்பு வேலையில் கைதேர்ந்தவர்கள். பன்றியோ ஸ்பானியரோடு 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் பிறந்த சமையல் இது. செம்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்பதுதான் அதன் பெருமை. அதற்காக ஈயம் பூசாத செப்புப் பாத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை; புளிப்பான பொருள் பட்டால் செம்பு கரைந்து இறங்கும் என்ற தொல்லை வேறு. அடி கனமான இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும். மெல்லிய அடி மட்டும் கூடவே கூடாது.

பாத்திரம் அகலமாக இருந்தால் கறி மூழ்க லிட்டர் கணக்கில் கொழுப்பு வேண்டியிருக்கும். ஒடுங்கிய, ஆழமான பாத்திரத்தில் நெருக்கி அடுக்கினால் ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போதும். உருக்கிய பன்றிக் கொழுப்பு கிடைக்கவில்லை என்றால் கறிக்கடையிலேயே வெள்ளைக் கொழுப்பைக் கேட்டு வாங்கி, பொடியாக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் வைத்தால் உருகி வந்துவிடும். சமையல் எண்ணெயிலும் வேகும்தான். ஆனால் அந்த வாசனை வராது.

அவ்வளவு கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு மெக்சிகோ வீடுகளில் இன்னொரு வழி இருக்கிறது. என் கருத்தில் வீட்டுக்கு இதுதான் பொருத்தம். சின்னத் துண்டுகளை உப்போடு போட்டு, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மூடாமல் நிதானமாகக் கொதிக்க விட வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் கறி கருக வழியே இல்லை. தண்ணீர் வற்ற வற்றக் கறியிலிருந்தே கொழுப்பு உருகி அடியில் நிற்கும்; பிறகு அதிலேயே வறுபடும். கொதிக்கும் தளதள ஓசை மாறிப் பொரியும் சடசட ஓசை வரும்போது கவனமாக அடுப்பருகிலேயே நிற்க வேண்டும். இந்த முறையில் நடக்கும் ஒரே பெரிய தவறு, தண்ணீரை அதிகம் ஊற்றிவிடுவது. அது வற்றுவதற்குள் கறி குழைந்து நாராகிவிடும்.

குக்கரில் செய்கிறவர்கள்

செய்யலாம், ஆனால் தண்ணீரில் மட்டும். கொழுப்பையோ எண்ணெயையோ நிரப்பி வீட்டுக் குக்கரை மூடி விசில் விடுவது ஆபத்து. அது அதற்காகச் செய்த பாத்திரம் அல்ல. ஒரு கிலோ கறிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 30 முதல் 35 நிமிடம், ஆவி தானாக அடங்கும்வரை காத்திருப்பு. பிறகு மூடியைத் திறந்து தண்ணீரை வற்ற விட்டு வறுக்க வேண்டும். குக்கரிலிருந்து எடுத்து அப்படியே பரிமாறினால் அது வேக வைத்த கறிதான். கார்னிட்டாஸ் என்ற பேரை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆரஞ்சு, பால், கோலா

கொப்பரையில் ஆரஞ்சைப் பிழிவார்கள், பால் ஊற்றுவார்கள், கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பார்கள், கோகோ கோலாகூட ஊற்றுவார்கள். எது அசல் என்று அங்கேயே ஒரு முடிவு கிடையாது. இவற்றின் முக்கிய வேலை நிறம் கொடுப்பது. சர்க்கரையும் பால் புரதமும் சூட்டில் சீக்கிரம் சிவக்கும். அதே காரணத்தால் சீக்கிரம் கருகவும் செய்யும். இனிப்பான எதையும் ஆரம்பத்திலேயே கொழுப்பில் ஊற்றாமல், கறி மென்மையான பிறகு, வறுப்பதற்குச் சற்று முன் சேர்ப்பது நல்லது. அப்போதும் அடுப்பை நன்றாகத் தணித்து, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். ஆரஞ்சைத் தோலோடு போட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், கசப்பு இறங்கும். கோலா இல்லாமலே இது நன்றாக வருகிறது என்பது என் கட்சி.

இன்னொரு ஆசையையும் அடக்க வேண்டும். பன்றிக்கறி என்றதும் மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் என்று கை தானாகப் போகும். கொழுப்பில் அவை கருகித் தூளாக மிதக்கும், அப்புறம் அந்தக் கொழுப்பை வேறெதற்கும் எடுக்க முடியாது. முழுப் பூண்டு, பிரிஞ்சி இலை, ஒரு சிட்டிகை ஓரிகானோ, இவ்வளவு போதும். காரம் தட்டில் வரும்.

வறுக்கும்போது

வெந்த கறியை முதலில் நார் நாராகப் பிய்த்துவிட்டு வறுப்பவர்கள் உண்டு. எல்லா நாரும் காய்ந்து, துடைப்பக் குச்சி மாதிரி வரும். துண்டுகள் முழுதாகவே சிவக்கட்டும். கொழுப்பில் செய்தால் தீயைக் கூட்டி 160, 175 டிகிரிக்குக் கொண்டுபோய், பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். சுமார் 190 டிகிரியில் பன்றிக் கொழுப்பு புகையத் தொடங்கும், அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். வாணலியில் வறுத்தால் நெரிசல் கூடாது. போட்டதை உடனே கிளறவும் கூடாது. மென்மையான கறி கரண்டி பட்டாலே உடையும். ஒரு பக்கம் சிவந்து தானாக விட்டுக்கொடுத்த பிறகு திருப்பினால் போதும். எடுத்து ஐந்து நிமிடம் ஆற விட்டு, பலகையில் வைத்துக் கத்தியால் கொத்துங்கள். கிரோகாவில் மரக்கட்டையில் வைத்துக் கொத்துவதுதான் வழக்கம். மொறுமொறுப்பும் மென்மையும் தோலும் ஒரே வாயில் கிடைக்கும்.

தட்டில் சீஸும் கிரீமும் குவிப்பது வேண்டாத வேலை. ஏற்கெனவே கொழுப்பில் நீந்திய கறி அது. அந்தக் கொழுப்பின் திகட்டலை முறிக்க ஏதாவது புளிப்பு வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, ஊறவைத்த மிளகாய், சல்சா என்ற காரமான மெக்சிகோ சட்னி, அப்புறம் வெறும் தோசைக்கல்லில் சுட்டுத் துணியில் சுற்றி வைத்த டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி. பச்சைச் சல்சாவுக்கு வேண்டிய தோமாட்டியோ (தாள் போன்ற உறைக்குள் இருக்கும் புளிப்பான பச்சைக் காய்) கிடைக்காவிட்டால் பச்சைத் தக்காளியை வைத்துச் சமாளிப்பதைவிட, சிவப்புத் தக்காளியையும் மிளகாயையும் சுட்டு அரைப்பது மேல்.

மீந்த கறியைக் கொழுப்புக்குள் மூழ்க வைத்து, வெளியிலேயே நாள் கணக்கில் கெடாது என்று நம்புவது தப்பு. காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிருமிகளும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மூன்று நான்கு நாளுக்குள், எண்ணெய் சேர்க்காமல் சூடான வாணலியில் போட்டுச் சாப்பிட்டுவிடலாம். கொழுப்பைச் சற்று ஆறிய பிறகு வடிகட்டிக் கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஊற்றி வையுங்கள், சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்ததும் வெள்ளைக் கொழுப்புக்கு அடியில் பழுப்பு ஜெல்லி ஒன்று நிற்கும். கறிச்சாறு அது, நல்ல உப்பாக இருக்கும். அதைத் தனியே எடுத்துவிட்டால் கொழுப்பு அடுத்த தடவைக்கு உதவும். ஜெல்லியை வேகவைத்த பீன்ஸில் கலந்து மசித்தால், மறுநாளைக்கு அதுவே ஒரு தொடுகறி.