பால்வினைத் தொற்று ஸ்கிரீனிங்: போடும் பணத்துக்குப் பலன் உண்டா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

கிளமிடியா என்ற பால்வினை நோய்க் கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, ஆனால் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறிக் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். அறிகுறி இல்லாதவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதிப்பது இதனால்தான்.

முதலில் யாரைப் பரிசோதிப்பது என்று முடிவு செய்யுங்கள். 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தொற்று உள்ளவர்களில் 95 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 99 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் டெஸ்ட், 95 பேரைப் பிடிக்கும், கூடவே ஒன்றுமே இல்லாத 99 பேருக்கும் தொற்று என்று சொல்லிவிடும். நல்ல டெஸ்ட்தான், ஆனாலும் தொற்று என்று சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு! தொற்று 10 சதவீதம் உள்ள 10,000 பேர் குழுவில் அதே டெஸ்ட் செய்தால் 950 சரி, 90 மட்டும் தப்பு.

அப்புறம் செலவு. கிட் விலையோடு நிற்காதீர்கள், ஆலோசனை, மருந்து, இணையருக்குச் சிகிச்சை எல்லாம் சேரும். இணையரை விட்டுவிட்டால் தொற்று திரும்ப வரும், போட்ட பணம் வீண்.

பலனில், குணமானவரோடு அவரிடமிருந்து தொற்றாமல் தப்பியவர்களையும் எண்ணுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்வதை வருடாவருடம் என்று மாற்றினால், கூடும் செலவுக்கு எவ்வளவு நலம் கூடுகிறது என்பதையும் தனியாகப் பாருங்கள்.