ஏரியைத் தூர்வாரும்போது பறவைக்கும் கொஞ்சம் சேறு விடுங்கள்

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போய்வந்த வேலூர்க்காரர்கள் பலரும் "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையே" என்பார்கள். பூநாரைக்குப் பிடித்த உவர்நீர் நம்மிடம் இல்லைதான், ஆனால் அங்கே இரைதேடும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான் எல்லாம் நம் ஏரிகளுக்கும் வருகின்றன. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான், அத்தனை பறவை கூடுவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஊர் ஏரியில் கைவைக்கும் முன் இதை மனசில் வையுங்கள்.

முதலில் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி எழுத்தில் வராமல் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள். அது வருவதற்குள் எந்தப் பறவை எந்த மூலையில் மேய்கிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று குறித்து வையுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்தால் பறவை அடையாளம் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

தண்ணீர் வற்றும் மே, ஜூனில்தான் ஜேசிபி இறங்கும், பெரும்பாலும் தப்பு நடப்பதும் அப்போதுதான். ஏரி முழுக்க ஒரே ஆழமாக, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நெடுங்கால் உள்ளானின் கால் நீளமே கிட்டத்தட்ட ஒரு சாண், சின்ன உள்ளான்களுக்கு அதில் கால்வாசிகூட இருக்காது, அவை நின்று சேற்றில் புழு பொறுக்க ஓரம் சரிவாக இருந்தே ஆக வேண்டும். அதனால் வரத்துக் கால்வாய் வந்து சேரும் பக்கத்தை அப்படியே சரிவாக விட்டுவிடுங்கள். ஆழம் வேண்டுமென்றால் மதகுப் பக்கம் வெட்டலாம், ஆனால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, இல்லையென்றால் கரை பலவீனமாகிவிடும். எடுத்த மண்ணில் இரண்டு மூன்று திட்டு போட்டு, ஏரி நிரம்பி வழியும் கலங்கலின் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி உயர்த்தி, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நடுங்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டுவது இந்த மாதிரி மரங்களில்தான்.

சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் அதில் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள், அப்புறமும் பகுதி பகுதியாக எடுங்கள்.

வரத்துக் கால்வாயில் சாக்கடையோ தோல் தொழிற்சாலைக் கழிவோ வந்தால் அதை நிறுத்தாமல் தூர்வாருவது வீண். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே மாசுபடுத்துபவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதும்போது அதையும் குறிப்பிடுங்கள்.

மழை பெய்து ஏரி கோடி போகும்போது கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் அடுத்த ஏரி நிரம்பும், மிச்சம் பாலாற்றில் போகும், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் பாலாறு கடலில் சேரும் வாயலூர் முகத்துவாரத்துக்கும் நன்னீர் தேவை.