தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களோ? ரெண்டு நாள் முந்திப் போய் இறங்குங்கோ

பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போற ஆக்கள் கனபேர் ஜனவரி 13 இரவு கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில இறங்கிற மாதிரித்தான் டிக்கெட் போடுகினம், இரவோட இரவா வான் பிடிச்சா விடியப் பொங்கலுக்கு வீட்ட நிக்கலாம் எண்டு ஒரு கணக்கு. நாங்களும் ஒருக்கா அப்பிடித்தான் போனனாங்கள். பிளேன் பிந்தி, பெட்டி பிந்தி, வழியில தேத்தண்ணிக்கு ரெண்டு இடத்தில நிண்டு, ஒழுங்கைக்குள்ள வான் திரும்பேக்க காலமை ஒன்பதரை. படலையைத் திறந்தா முற்றத்தில கோலம் பாதி அழிஞ்சுபோய்க் கிடக்கு, மூண்டு கல்லும் சாம்பலோட இன்னும் சூடாறேல்லை. சித்தி ஓடிவந்து பிள்ளையளைக் கட்டிக் கொஞ்சிப்போட்டு உள்ள போய் அரிசி அளக்கிற சுண்டு ஒண்டைக் கொண்டுவந்து காட்டினா, அதுக்குள்ள கழுவின அரிசி. "இது உங்கட பிள்ளையள் தங்கட கையால போடட்டும் எண்டு எடுத்து வைச்சனான், இப்ப வந்திடுவியள் இப்ப வந்திடுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன், நேரம் போட்டுது" எண்டா. அந்த அரிசியை மத்தியானம் அடுப்படியில தனியா வைச்சு எங்களுக்குப் பொங்கித் தந்தவ. சாப்பிடேக்க எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

அதாலதான் இதை எழுதிறன், குறைஞ்சது ரெண்டு நாள் முந்திப் போங்கோ.

டிக்கெட் போட முதல் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து எண்டைக்குப் பொங்கினம் எண்டு கேளுங்கோ. பொங்கல் எப்பவும் 14 இல்லை, 2024இல ஜனவரி 15, 2025இல 14. சூரியன் மகரத்துக்குள்ள போற நேரத்தைப் பாத்துத்தான் நாள் வைக்கிறது, அதோட எங்கட ஆக்களிட்ட வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு பஞ்சாங்கம் இருக்கு, உங்கட வீட்டில எதைப் பாக்கினமோ அதின்ர நேரந்தான் உங்களுக்கு. கட்டுநாயக்காவில இருந்து யாழ்ப்பாணம் வானில 7, 8 மணித்தியாலம் போகும், மழை எண்டால் இன்னும் கூட. பொங்கல் கிட்ட கொழும்பில இருக்கிற ஆக்களும் ஊருக்கு வெளிக்கிடுகிறதால ரயில் சீற்றுகள் டக்கெண்டு முடிஞ்சிடும், கொழும்பு வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிடுற இரவு பஸ்ஸையும் முன்னமே புக் பண்ணி வையுங்கோ. சென்னைப் பக்கத்தால வாற ஆக்கள் பலாலி ஏர்போர்ட்டையும் பாக்கலாம். மாரி முடியிற காலம் எண்டபடியா நுளம்பு கூட, டெங்குவும் அந்த நேரந்தான் ஊரில கூடுறது, பிள்ளையளுக்குப் பூசுற மருந்தும் நீளக் கையுள்ள உடுப்பும் கையில இருக்கட்டும்.

பொங்கலுக்கு முதல் நாள்தான் உண்மையில பெருநாள். காலமையே சித்தியோடயோ மச்சாளோடயோ சந்தைக்குப் போங்கோ, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையோ சுன்னாகமோ உங்களுக்குக் கிட்ட எதுவோ அது. பானை, கரும்பு, இலையோட பிடுங்கின மஞ்சளும் இஞ்சியும், வாழைப்பழம், வெத்திலை பாக்கு, சாமான் எல்லாம் றோட்டு வரைக்கும் பரப்பி வைச்சிருப்பினம், ஆளை ஆள் இடிச்சுக்கொண்டுதான் போகவேணும். பானையை வாங்கேக்க விரலால தட்டிப் பாருங்கோ, கணீரெண்டு கேட்டா வெடிப்பில்லை. காசைக் குடுத்து ஆரையும் அனுப்பி வாங்குவிக்காதேங்கோ, கூடப் போங்கோ, அந்த ரெண்டு மணித்தியாலத்தில உங்கட சித்தியை எத்தினை பேர் மறிச்சு "இது ஆர், மூத்தவற்ற பெடியே?" எண்டு கேக்கினம் எண்டு பாருங்கோ. போன வருசம் ஆருக்கு என்ன வருத்தம் வந்தது, ஆரின்ர பெட்டைக்குக் கலியாணம், எந்தக் கிணறு உப்பாப் போச்சு எல்லாம் அங்கதான் தெரியவரும், அது தெரிஞ்சாத்தான் பிறகு அந்த வீடுகளுக்குப் போய்க் கதைக்க வாய் வரும்.

பின்னேரம் முற்றம் கூட்டிச் சாணி போட்டு மெழுகிறது, மாவிலைத் தோரணம் கட்டுறது, தேங்காய் உரிக்கிறது எண்டு வேலை நிறைய. "நீங்கள் இருங்கோ, களைச்சு வந்தனியள்" எண்டு சொல்லுவினம், கேக்காதேங்கோ, விளக்குமாறை வாங்கிக் கூட்டுங்கோ. பிள்ளையளிட்ட பயறு வறுக்கிற வேலையைக் குடுக்கலாம், பக்கத்தில ஒராள் நிண்டா காணும். எங்கட வீட்டு அளவு ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசிக்குக் கால் கிலோ பயறு, ஒரு கிலோ சர்க்கரை, ரெண்டு தேங்காய், மற்றபடி கஜு, பிளம்ஸ், ஏலக்காய் கைக்கு வந்தபடி.

விடிய நாலரைக்கு எழும்பி முழுகவேணும், கிணத்துத் தண்ணி அந்த நேரம் இளஞ்சூடாத்தான் இருக்கும், பயப்பிடாதேங்கோ. உலக்கையை வைச்சு அரிசிமாவால சதுரமாக் கோடு இழுத்து, நடுவில மூண்டு கல்லு, பக்கத்தில நிறைகுடம், குத்துவிளக்கு. தைப்பனியில விறகு நமுத்துப் போயிருக்கும், அதுக்குத்தான் தென்னம்பாளையும் பன்னாடையும் தேங்காய்ப் பொச்சும் முதல் நாளே கொட்டிலுக்குள்ள எடுத்து வைக்கிறது. புகைக்குள்ள குனிஞ்சு ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து நெருப்புப் பிடிக்கேக்க கிழக்கு வெளிக்கத் தொடங்கும். பால் நுரைச்சு எழும்பி, விளிம்பில ஒரு நிமிசம் அப்பிடியே நிண்டு, பிறகு ஒரு பக்கத்தால வழிஞ்சு நெருப்பில விழுந்து சீ எண்டும், கிழக்கால வழிஞ்சுதோ வடக்கால வழிஞ்சுதோ எண்டு பெரியாக்கள் பாப்பினம், பெடியள் சீனவெடி கொழுத்துவாங்கள். அதுக்குப் பிறகுதான் அரிசி, வீட்டில மூத்தவர் மூண்டு கை போட்டாப் பிறகு எல்லாரும் ஒவ்வொரு கை. உங்கட பிள்ளையள் போடேக்க பாதி வெளிய சிந்தும், சத்தம் போடாதேங்கோ, எங்கட அம்மம்மா இருக்கேக்க "அது எறும்புக்கும் காகத்துக்கும்" எண்டுதான் சொல்லுறவ.

போனைப் பால் பொங்கிற வரைக்கும் பொக்கெற்றுக்குள்ள வையுங்கோ எண்டு சொல்ல ஆசைதான், ஆனா வெளிநாட்டில இருக்கிற சகோதரங்களும் பாக்கவேணும் எல்லோ, அதால ஒராள் மட்டும் பிடிக்கட்டும், மற்ற ஆக்கள் நெருப்புக்குக் கிட்ட நில்லுங்கோ. ஊரில காலமை ஆறரை எண்டால் ரொறொன்ரோவில முதல் நாள் இரவு எட்டு மணி, ஆறுதலா இருந்து பாப்பினம். லண்டனில நடுச்சாமம் ஒரு மணி, அதுக்கும் எழும்பி இருந்து பாத்த ஆக்கள் எங்கட வீட்டில இருக்கினம்.

படைச்சுக் கும்பிட்டாப் பிறகு சுத்துவட்டாரத்துக்குப் பொங்கல் குடுக்கிறது. இதை உங்கட பிள்ளையளைக் கொண்டு செய்விக்கவேணும், பெரியாள் ஒராள் கூடப் போனாப் போதும். எங்கட பக்கத்து வீடு வேதக்கார (கிறிஸ்தவ) வீடு, நத்தாருக்கு அவை கேக் தந்த தட்டு எங்கட வீட்டிலதான் கிடந்தது, அதிலதான் பொங்கல் போனது. துடக்கு வீடும் இருக்கும், வருசத்துக்குள்ள செத்தவீடு நடந்த இடத்தில அவை பொங்கமாட்டினம், அப்பிடி எந்த வீடு எண்டு முதலே கேட்டு வையுங்கோ, அங்க போய் "ஏன் பொங்கேல்லை" எண்டு பிள்ளையள் கேக்கிற மாதிரி விடாதேங்கோ. அந்த வீட்டுக்குத்தான் முதல் தட்டு போகவேணும், நீங்களே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு ஒரு பத்து நிமிசம் இருங்கோ.

சூரியனுக்கு நன்றி சொல்லுறது ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். நாங்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட பிறகும் அந்த வீட்டில இருந்து, பின்னேரம் விளக்குக் கொழுத்தி, ஓடு மாத்தி, கிணறு இறைச்சு, அப்பா அம்மான்ர திவசத்துக்கு ஐயரைக் கூப்பிட்டுச் செய்த ஒராள் இருப்பா, அவவுக்கு இன்னும் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க மாட்டினம். காசு குடுக்கிறதெண்டால் பொங்கலண்டு எல்லாருக்கும் முன்னால நீட்டாதேங்கோ, அவவுக்கு அது கூலி மாதிரிப் படும், பிறகு ஒரு நாள் தனியாக் குடுங்கோ. பொங்கலண்டு பின்னேரம் கொஞ்ச நேரம் அவவுக்குப் பக்கத்தில திண்ணையில இருந்து, இவ்வளவு நாளும் எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு கேளுங்கோ. எங்கட சித்தி ரெண்டு மணித்தியாலம் கதைச்சவ, நான் ஒண்டும் பேசேல்லை.

பொங்கலண்டு வல்வெட்டித்துறைக் கடற்கரையில நடக்கிற பட்டப்போட்டி பாக்கப் போறதெண்டால் மத்தியானம் சாப்பிட்ட கையோட வெளிக்கிடுங்கோ, பிந்தினா கடற்கரைக்குக் கிட்டவும் போகேலாது. அடுத்த நாள் மாட்டுப்பொங்கல், வீட்டில மாடில்லாட்டி மாடிருக்கிற வீட்டுக்குப் போங்கோ, குளிப்பாட்டி மாலை போட்ட பசுவுக்குக் கையால பொங்கல் குடுத்த பிள்ளை அதை மறக்காது. கோயிலுக்கு ஆம்பிளையள் வேட்டியோட போங்கோ, நல்லூரில சேட்டைக் கழட்டவேணும். அந்த ரெண்டு நாளும் வீட்டில சைவம், டியூட்டி ஃப்ரீ போத்தல் இருந்தாப் பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும்.

அடுத்த முறை நாங்கள் 12ஆம் திகதியே போய் இறங்கிட்டம். பொங்கலண்டு விடிய நான் எழும்பி வரேக்க கிணத்தடியில லைட் எரியுது, சித்தி வாளியால தண்ணி ஊத்த என்ர மகள் அந்தச் சுண்டுக்குள்ள கையை விட்டு அரிசி கழுவிக்கொண்டு நிண்டவள்.