முற்றத்தில் வான்கோழி ஆடும்போது செய்யக்கூடாதவை

மார்ச் பாதியைத் தாண்டியதும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எங்கள் புறநகரில் காட்டு வான்கோழிகள் வீட்டுப் புல்தரைக்கே வந்துவிடும். சேவல் வாலை விசிறி போல விரித்து, உடம்பை உப்பவைத்து, சிறகு நுனி தரையில் உரச மெதுவாகச் சுற்றிவரும். தலை நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும். பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு கை சோளத்தை அள்ளிப் போடத்தான் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள்.

வான்கோழிக் கூட்டத்தில் யார் யாருக்கு அடங்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. இந்த இனப்பெருக்கப் பருவத்தில் அதற்கான சண்டை உச்சத்தில் இருக்கும். தீனி கிடைத்துப் பயம் விட்டுப்போன சேவல், நம்மையும் அந்த வரிசையில் ஓர் ஆளாகச் சேர்த்துவிடும். அப்புறம் தபால்காரரையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் துரத்தும். சிட்டுகளுக்காகத் தொங்கவிட்ட தீனிக்கூண்டிலிருந்து சிந்தும் தானியமும் இதே வேலையைத்தான் செய்யும், அதனால் கொஞ்ச நாளைக்கு அதையும் கழற்றி வையுங்கள்.

அப்படி ஒன்று நெஞ்சை நிமிர்த்தி எதிரே வந்தால் பின்வாங்குவது அடுத்த தவறு. நீங்கள் அடங்கிவிட்டதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நின்று கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள், துடைப்பத்தை ஆட்டுங்கள், இல்லையென்றால் தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடிக்கத் தேவையில்லை.

கார் கதவைக் கொத்தினால் அதற்குப் பைத்தியம் என்று சொல்லாதீர்கள். பளபளப்பில் தெரியும் தன் உருவத்தை இன்னொரு சேவல் என்று நினைக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை ஒரு துணியால் மூடினால் போதும்.

இரண்டு மூன்று சேவல்கள் சேர்ந்து ஆடினால் பெட்டைக்குப் போட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை பெரும்பாலும் உடன்பிறந்தவை. கலிஃபோர்னியாவில் ஆலன் கிராக்கவர் மரபணுவைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சேர்ந்து ஆடுவதில் ஒன்றுதான் குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது, மற்றவை தனக்கென்று ஒரு குஞ்சுகூட இல்லாமல் சகோதரனுக்காக ஆடுகின்றன என்று தெரிந்தது. அதைப் படித்த பிறகு, ஓரமாக நின்று ஆடும் சேவலைத்தான் நான் அதிக நேரம் பார்க்கிறேன்.

எனக்கு அதிகம் வலிக்கிற தவறு முட்டை விஷயத்தில் நடப்பது. பெட்டை தரையிலேயே, புதர் அடியிலோ மரத்தடியிலோ, பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்று இட்டு, முழுவதும் இட்டு முடித்த பிறகுதான் தொடர்ந்து அடைகாக்க உட்காரும். அதுவரை முட்டைகள் பெரும்பாலும் தனியாகத்தான் கிடக்கும். தாய் கைவிட்டுவிட்டது என்று யாராவது எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் போச்சு. ஏற்கெனவே ஒருமுறை இவற்றை முழுவதுமாக இழந்தவர்கள் நாங்கள்: 1851-இல் இந்த மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி கொல்லப்பட்டது. 1970-களில் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலைக்காட்டில் விட்டதில்தான் இன்றைய கூட்டம் பெருகியது.

அடைகாப்பு 28 நாள். பொரித்த குஞ்சுகள் ஓரிரு நாளில் தாயோடு கிளம்பிவிடும். அதுவரை அந்த மூலையில் புல் வெட்டாதீர்கள், நாயைக் கட்டி வையுங்கள், போட்டோ எடுக்க ஆசையாக இருந்தால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே எடுங்கள்.